25 செ.மீ. ஹைட்ரோபிளேன் கிட்டை ரேடியோ கண்ட்ரோலுக்கு மாற்றுவது: பெரிய மோட்டாரா, எடைக் குறைப்பா?

மரத்தூள்

பால்சாவும் (மிக இலேசான மரம்) மெல்லிய பிளைவுட்டும் கலந்த மூன்று புள்ளி ஹைட்ரோபிளேன் கிட்; வேகத்தில் மேலெழும்பி நீரை மூன்று இடத்தில் மட்டும் தொட்டு ஓடும் பந்தயப் படகின் மாதிரி. நீளம் 25 செ.மீ., ஸ்பான்சன் (இருபுறமும் துருத்தி நிற்கும் மிதவைப் பாகம்) இரண்டையும் சேர்த்து அகலம் 11 செ.மீ. பெட்டியில் இருப்பவை: 130 சைஸ் மோட்டார், இரண்டு ஏஏஏ பேட்டரிக்கான கூடு, 2 மி.மீ. ஷாஃப்ட், 25 மி.மீ. பிளாஸ்டிக் புரொப்பெல்லர். சுக்கான் நிலையானது, வளைத்துவிட்டால் வட்டமடிக்கும் ரகம்.

இதை ரேடியோவுக்கு மாற்ற எடைக் கணக்குப் போட்டேன். மோட்டார் 18 கிராம், பேட்டரி இரண்டும் 24, சுக்கானைத் திருப்பும் சாதாரண சர்வோ 9, ரிசீவர் 10, ஸ்பீடு கண்ட்ரோலர் 20, மரம் 20. ஷாஃப்ட், பெயின்ட் சேர்க்காமலே 101 கிராம். இந்த எடையில் மேலேறி ஓட 130-ஐ எடுத்துவிட்டு 180 சைஸ் மோட்டார் போட்டால் போதுமா?

மூன்றுபுள்ளி

போதாது. அதுவும் எடையைத்தான் கூட்டும், அதைத் தூக்க இன்னொரு பேட்டரி கேட்கும்.

கணக்கு எளிது. ஸ்பான்சனின் அடிப்பரப்பு மாறாது. அது தரும் தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். எடை 60 கிராமிலிருந்து 100 ஆனால், அதே பரப்பில் ஏறி ஓட 1.3 மடங்கு வேகம் வேண்டும். இழுவையும் எடையோடு சேர்ந்து 1.67 மடங்காகும். இரண்டையும் பெருக்கினால் சக்தி 2 மடங்குக்கு மேல். 40 கிராம் கூடுதலுக்கு இதுதான் விலை.

ஆகவே 60-ஐத் தாண்டக் கூடாத கோடாக வைத்துக்கொண்டு 50-ஐக் குறிவையுங்கள். மரமும் பசையும் 18, அடைப்பும் பெயின்ட்டும் 4, கோர்லெஸ் (சுழலியில் இரும்பு உட்கரு இல்லாத) மோட்டார் 5, ஷாஃப்ட்-குழாய்-இணைப்பு-புரொப்பெல்லர் 5, ஸ்பீடு கண்ட்ரோலர் உள்ளடங்கிய ரிசீவர் 3.5, சர்வோ 2, ஒற்றை செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) 8, சுக்கானும் கம்பியும் 2, மிதவைத் தெர்மாகோல் 1. கூட்டினால் 48.5.

கிட்டில் எங்கெல்லாம் 1.5 மி.மீ. பிளைவுட் இருக்கிறதோ அங்கெல்லாம் சந்தேகப்படுங்கள். 250 × 110 மி.மீ. பலகை 1.5 மி.மீ. கனத்தில் பிர்ச் பிளைவுட்டானால் 27 கிராம், இலேசான பால்சாவானால் 5 கிராம். மோட்டார் மேடை, டிரான்சம் (படகின் பின்பலகை), ஸ்பான்சனின் அடி, இந்த மூன்றுக்கு மட்டும் பிளைவுட், அதுவும் 0.4 அல்லது 0.8 மி.மீ. மற்றதைக் கிட்டின் பாகங்களையே வார்ப்புருவாக வைத்துப் பால்சாவில் வெட்டிக்கொள்ளலாம். நகைத் தராசு ஒன்று மேசையிலேயே இருக்கட்டும், ஒவ்வொரு துண்டும் ஒட்டும் முன் அதில் ஏறி இறங்கட்டும்.

ஈயக்கம்பி

மின்சாரப் பக்கம் நான் சொல்கிறேன்.

மோட்டார்: 8.5 மி.மீ. விட்டம், 20 மி.மீ. நீளமுள்ள கோர்லெஸ். சின்ன மல்டிகாப்டர்களில் வரும் அதேதான், 8520 என்று விற்பார்கள். சிவப்பு-நீலம் வயர் ஒரு சுழல்திசைக்கு, கறுப்பு-வெள்ளை எதிர்த்திசைக்கு. பிரஷ் அந்தத் திசைக்கென்றே அமைத்தது. வயரை மாற்றிக்கொடுத்து எதிராக ஓட்டினால் ஓடும், ஆனால் பிரஷ் சீக்கிரம் தேயும். அதனால் முதலில் புரொப்பெல்லர், அது எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று பார்த்து அதற்கேற்ற மோட்டார்.

பேட்டரி: 300 எம்ஏஹெச் ஒற்றை செல், 25சி (கொள்ளளவு எண்ணைப்போல் 25 மடங்கு மின்னோட்டம் வரை தரும்). சராசரி 1.5 ஆம்பியர் இழுத்தால் முழுக் கணக்கு 12 நிமிடம். செல்லைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சாமல் 9 நிமிடத்தில் கரைக்கு வந்துவிடுங்கள். 150 எம்ஏஹெச் 15சி போட்டு 4 கிராம் மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். அதன் உச்சமே 2.25 ஆம்பியர். மோட்டார் கிளம்பும் நொடியில் அதைவிட அதிகம் கேட்கும், மின்னழுத்தம் படுத்துவிடும், ரிசீவர் மறுதொடக்கம் ஆகும். கரையில் நிற்பவருக்கு அது "சிக்னல் போய்விட்டது" என்று தெரியும், உண்மையில் பேட்டரிதான் தள்ளாடியது.

இணைப்பானும் அதே கதை. 1.25 மி.மீ. இடைவெளி கொண்ட குட்டி இணைப்பான் 1 ஆம்பியர் சாமான். 2 மி.மீ. இடைவெளி கொண்டது 2 ஆம்பியர் தாங்கும், அதற்குக் கீழே போகாதீர்கள்.

மோட்டார் முனைகளுக்கு நடுவே 0.1 மைக்ரோஃபாரட், அதாவது 104 என்று அச்சிட்ட செராமிக் கெபாசிட்டர் ஒன்று. வயர் இரண்டையும் முறுக்கி எடுத்துச் செல்லுங்கள்.

அரைமில்லி

பெட்டியில் வந்த 25 மி.மீ. புரொப்பெல்லரை அந்த மோட்டாரில் மாட்ட வேண்டாம். ஒரே சுழல்வேகத்தில் புரொப்பெல்லர் கேட்கும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 15 மி.மீ.யோடு ஒப்பிட்டால் 25 மி.மீ. கேட்பது 13 மடங்கு. கோர்லெஸ் மோட்டார் அதைச் சுற்ற முடியாமல் திணறி, ஒரு நிமிடத்தில் பிரஷ் கருகிவிடும். நேரடி இணைப்பென்றால் 14–15 மி.மீ., இரண்டு இதழ். 25-ஐத்தான் போடுவேன் என்றால் பல்சக்கரம் வேண்டும். எடை, சத்தம், ஈரத்தில் தேய்மானம் எல்லாம் சேர்ந்து வரும்.

ஷாஃப்ட்: 2 மி.மீ. எஃகு 90 மி.மீ. நீளத்துக்கு 2.2 கிராம், 1.5 மி.மீ. என்றால் 1.3 கிராம். 1.5 போதும். வெளிக்குழாய் பித்தளை, வெளிவிட்டம் 2.4, உள்விட்டம் 1.6 மி.மீ. சாய்வு 6 பாகைக்கு மேல் வேண்டாம்.

இனி இந்த வேலையிலேயே நுணுக்கமான இடம், மோட்டாரையும் ஷாஃப்டையும் ஒரே கோட்டில் நிறுத்துவது. கண் அளவை நம்பக் கூடாது. மோட்டாரின் அச்சு 1 மி.மீ., ஷாஃப்ட் 1.5. முதலில் 1 மி.மீ. உள்விட்டம், 1.5 மி.மீ. வெளிவிட்டமுள்ள பித்தளைக் குழாயில் 5 மி.மீ. துண்டு வெட்டி மோட்டார் அச்சின் மேல் செருகி ஒட்டுங்கள். பசையைக் குண்டூசி முனையால் தொட்டு வையுங்கள். சொட்டு விட்டால் அது வழிந்து பேரிங்குக்குள் போய் மோட்டாரையே பூட்டிவிடும். இப்போது இரண்டு அச்சும் ஒரே விட்டம். அவற்றின் மேல் 1.6 மி.மீ. உள்விட்டக் குழாயில் 20 மி.மீ. துண்டை உறைபோல ஏற்றுங்கள். மோட்டாரும் ஷாஃப்டும் ஒரே கம்பிபோல விறைத்து நிற்கும். அந்த நிலையில் மோட்டார் மேடையை எபாக்சியால் படகோடு ஒட்டுங்கள். எபாக்சி இறுகிய பிறகு உறைக்குழாயைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் 10 மி.மீ. சிலிக்கான் குழாய். இரு அச்சு முனைகளுக்கும் நடுவே 1 மி.மீ. விடுங்கள். சிலிக்கான் நீளமாக விட்டால் கயிறு சுற்றுவதுபோல வீசத் தொடங்கும்.

சரிபார்க்க அம்மீட்டர் போதும். வெறும் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஷாஃப்ட் மாட்டி, புரொப்பெல்லர் இல்லாமல் மறுபடி பாருங்கள். 0.1 ஆம்பியருக்கு மேல் கூடியிருந்தால் கோடு தவறிவிட்டது, அல்லது கிரீஸ் கெட்டி.

உந்துவிசை போகும் வழியையும் மறக்கக் கூடாது. புரொப்பெல்லர் ஷாஃப்டை முன்னோக்கித் தள்ளும். புரொப்பெல்லருக்கும் குழாயின் வால் முனைக்கும் நடுவே டெஃப்லான் வாஷர் வைத்து 0.3 மி.மீ. மட்டும் ஆட்டம் விடுங்கள். வாஷர் இல்லையென்றால் அந்த விசை முழுக்கச் சிலிக்கானை நசுக்கிக்கொண்டு மோட்டாரின் பின்பக்க பிரஷ் மூடியில் போய் உட்காரும்.

மரத்தூள்

விளக்கத்துக்கு நன்றி ஐயா. இரண்டு சந்தேகம். குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறாதா? புரொப்பெல்லரை முழுக்க நீருக்குள் வைக்க வேண்டுமா, அல்லது நிஜப் பந்தயப் படகுபோலப் பாதி வெளியே தெரியும்படி வைக்கலாமா?

அரைமில்லி

ஏறும், இந்த அளவில் கட்டாயம் ஏறும். 75 மி.மீ. குழாய் 6 பாகைச் சாய்வில் 7.8 மி.மீ.தான் உயர்கிறது. வால் முனை அடிப்பலகைக்கு 4 மி.மீ. கீழே இருந்தால் உள்முனை அடிப்பலகைக்கு 4 மி.மீ. மேலே. படகு நிற்கும்போது வெளியே நீர்மட்டமும் ஏறக்குறைய அங்கேதான். எனவே வால் முனையில் 5 மி.மீ. நீளத்துக்குக் கிரீஸ் அடைப்பு, உள்முனையில் ஒரு பொட்டு, நடுவில் மெல்லிய மெஷின் எண்ணெய் மட்டும். குழாய் முழுக்கக் கிரீஸ் திணிப்பது பெரிய படகின் பழக்கம். இந்த மோட்டாருக்கு அது பிரேக்.

மூன்றுபுள்ளி

பாதி வெளியே வைப்பதுதான் ஹைட்ரோபிளேனின் அழகே. 1950 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் ஏரியில் ஸ்லோ-மோ-ஷன் IV என்ற பந்தயப் படகு மணிக்கு 160.3 மைல் ஓடி உலகச் சாதனை படைத்தது, புரொப்பெல்லரின் மேல் பாதியைக் காற்றில் சுழலவிட்டுத்தான். ஷாஃப்ட்டும் தாங்கியும் தண்ணீரில் இழுபடாது. இரண்டு ஸ்பான்சனும் புரொப்பெல்லரும் ஆக மூன்று புள்ளிதான் தண்ணீரைத் தொடும்.

அரைமில்லி

அந்தப் படகுக்கு விமான எஞ்சின் இருந்தது நண்பரே. இங்கே இருப்பது 5 கிராம் மோட்டார். பாதி வெளியே நிற்கும் புரொப்பெல்லர் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது காற்றை உள்ளிழுத்து வெறுமனே நுரைக்கும், படகு நகராது. முதலில் முழுக்க நீரில், இதழின் மேல்நுனி அடிப்பலகைக்கு 1 மி.மீ. கீழே. படகு தானாக மேலேறி ஓடுகிறதா என்று பார்த்த பிறகு உயர்த்தலாம். அதற்காக வால் முனைத் தாங்கியை நிரந்தரமாக ஒட்டாமல், 0.5 மி.மீ. அட்டை வாஷர்களை மேலும் கீழும் மாற்றும்படி திருகில் நிறுத்துங்கள். குழாய் அந்த அளவு வளைந்துகொடுக்கும்.

மூன்றுபுள்ளி

கிளம்புவது பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். வாஷர் ஏற்பாடு எனக்கும் பிடித்திருக்கிறது, 2 மி.மீ. வரை உயர்த்த இடம் விடுங்கள்.

ஸ்பான்சனுக்கு வருகிறேன். எல்லாரும் மோட்டாரில் மூழ்கிவிடுகிறார்கள், ஓட்டத்தைத் தீர்மானிப்பது இந்த ஓரம். ஸ்பான்சன் அடிப்பரப்பின் பின்விளிம்பு கத்திபோல இருக்க வேண்டும். விளிம்பு உருண்டிருந்தால் நீர் அங்கே பிரியாமல் வளைவை ஒட்டிக்கொண்டே மேலேறும், ஸ்பான்சனைக் கீழே உறிஞ்சும். குழாயைத் திறந்து கரண்டியின் முதுகைத் தாரையில் காட்டிப் பாருங்கள், கரண்டி தண்ணீருக்குள் இழுபடும். அதே வேலைதான்.

பால்சாவில் கூர்மை நிற்காது. பின்விளிம்பில் 5 மி.மீ. பட்டைக்கு நீர்போன்ற மெல்லிய சூப்பர் க்ளூ ஊறவையுங்கள், காயட்டும், மறுபடி ஊறவையுங்கள். பிறகு 400 எண் உப்புத்தாளைக் கண்ணாடிப் பலகை மேல் ஒட்டி, தாளை அசைக்காமல் படகைத் தாளின் மேல் இழுங்கள், முன்னிருந்து பின்னாக மட்டும். கையில் தாளை வைத்துத் தேய்த்தால் ஓரம் உருண்டே தீரும். முடிவில் 600. நகத்தை விளிம்பில் வைத்தால் சுரண்ட வேண்டும், வழுக்கக் கூடாது. பெயின்ட் அந்த விளிம்பைச் சுற்றி வர விடாதீர்கள். டேப் ஒட்டி மறைத்து அடியுங்கள்.

படகு ஓடும் நிலையில் ஸ்பான்சன் அடி 3 பாகை மூக்கு தூக்கி இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒரே கோணம் என்பது 3 என்ற எண்ணைவிட முக்கியம். கண்ணாடி மேல் நிறுத்தி இரு பின்விளிம்புக்கும் கீழே ஒரே காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் நழுவினால் உடல் முறுக்கியிருக்கிறது.

எடை மையம்: ஸ்பான்சன் பின்விளிம்பிலிருந்து புரொப்பெல்லர் வரை அளந்து, அதில் கால் பங்கு பின்னால். உங்கள் படகில் 13 செ.மீ. என்றால் விளிம்புக்குப் பின் 32 மி.மீ. அப்போது எடையில் முக்கால் பங்கு ஸ்பான்சன்களிலும் கால் பங்கு வாலிலும் இறங்கும்.

ஈயக்கம்பி

நனைவது பற்றி. படகு கவிழும், அதைக் கணக்கில் வைத்தே கட்டுங்கள்.

ரிசீவரைப் பலூனுக்குள் கட்டுவதைவிடச் சிலிக்கான் பூச்சு தடவுவது இலேசு. இணைப்பு ஊசிகள், ஒட்டிணைவு அழுத்தான் (ரிசீவரை டிரான்ஸ்மிட்டரோடு இணைக்கும் பைண்ட் பட்டன்), ஆண்டெனாவின் முனை, இந்த மூன்றில் படக் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆண்டெனாவின் உயிர், மேலுறை நீக்கிய கடைசி 31 மி.மீ. அது நீர்மட்டத்துக்கு மேலே, செங்குத்தாக, வயர்களிலிருந்து விலகி நிற்கட்டும். ஓட்டுநர் அறையின் பின்னால் ஒரு உறிஞ்சுகுழல் துண்டை நட்டு அதற்குள் விட்டால் போதும். இந்த அலை தண்ணீருக்குள் போகாது. கார்பன் நார்த் தகட்டில் டெக் செய்தாலும் மறைக்கும்.

தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்கும்படி பாதுகாப்பு அமைப்பை ஒட்டிணைவின்போதே செய்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதியுங்கள்.

மிதவைக்குத் தெர்மாகோல். 40 மி.மீ. டேபிள் டென்னிஸ் பந்து 33 கன செ.மீ. இடம் அடைக்கும், எடை 2.7 கிராம், அதே கன அளவுக்குத் தெர்மாகோல் 0.7 கிராம். மூக்கிலும் வாலிலும் பிரித்து வையுங்கள், இல்லையென்றால் ஒரு முனை மூழ்கி மறுமுனை மிதவைக் கட்டைபோல் நிற்கும். சூப்பர் க்ளூ தெர்மாகோலைக் கரைத்துவிடும். வெள்ளைப் பசை.

மரத்தூள்

கட்டி முடித்தேன், ஓட்டத் தயாரான எடை 53 கிராம். சுக்கான் 0.5 மி.மீ. பித்தளைத் தகடு, 8 மி.மீ. அகலம், நீருக்குள் 15 மி.மீ. முதல் ஓட்டத்தில் மூன்று கோளாறு. ஒன்று, நேராக ஓடாமல் இடப்பக்கம் இழுக்கிறது. இரண்டு, முழு வேகத்தில் மூக்கு தட்தட்டென்று குதிக்கிறது. மூன்று, இடப்பக்கம் திரும்பும்போது வால் வழுக்கிப் படகு சுழன்றுவிடுகிறது. புரொப்பெல்லர் பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழி.

குளக்கரை

ஒவ்வொன்றாக. ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம், இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

இடப்பக்க இழுப்பு இயல்பானதே. வலஞ்சுழிப் புரொப்பெல்லரின் கீழ் இதழ், தரையில் உருளும் சக்கரம்போல வாலை வலப்பக்கம் நடத்திச் செல்லும், மூக்கு இடப்பக்கம் போகும். எதிர்முறுக்கு வேறு படகின் இடப்பக்கத்தை நீரில் அழுத்தும். பேட்டரியை வலப்பக்கம் 3 மி.மீ. நகர்த்துங்கள், மிச்சத்தைச் சுக்கான் டிரிம்மில் (சுக்கானின் நடுநிலையைச் சற்றே நகர்த்தும் டிரான்ஸ்மிட்டர் அமைப்பு) எடுங்கள். முழுவதையும் டிரிம்மிலேயே எடுத்தால் சுக்கான் எப்போதும் குறுக்கே நின்று பிரேக் போடும்.

குதிப்புக்குப் பெரும்பாலும் எடை மையம் பின்னால் இருப்பதே காரணம். பேட்டரியை 4 மி.மீ. முன்னே. 8 கிராம் பேட்டரி 4 மி.மீ. நகர்ந்தால் 53 கிராம் படகின் மையம் 0.6 மி.மீ.தான் நகரும், ஆகவே இரண்டு மூன்று படி போக வேண்டியிருக்கும். பேட்டரியை வெல்க்ரோவில் நிறுத்தி, பலகையில் பென்சில் கோடுகள் இழுத்து வையுங்கள். எவ்வளவு முன்னே போயும் குதிப்பு நிற்காவிட்டால் மட்டும் ஸ்பான்சன் கோணத்தைத் தொடுங்கள். அளவுக்கு மீறி முன்னே போனதற்கு அடையாளம், குதிப்பு நின்று நீர்த்திவலை ஸ்பான்சனின் நடுவிலிருந்தே கிளம்பும்; வேகமும் குறையும்.

வழுக்கலுக்குத் திருப்புத் துடுப்பு, அதாவது திரும்பும்போது நீரைப் பிடித்துக்கொள்ளும் சிறு தகடு, வேண்டும். நிஜப் படகுகள் இடஞ்சுழியாகப் பந்தயம் ஓடுவதால் அது இடப்பக்க ஸ்பான்சனில் இருக்கும். ரேடியோ மாடல் பந்தயம் வலஞ்சுழி, அதனால் வலப்பக்கம். அந்த ஒரு பக்கத் திருப்பத்தில்தான் அது நன்றாகப் பிடிக்கும். பந்தயம் இல்லையென்றால் உங்கள் கைக்கு எந்தத் திருப்பம் வருகிறதோ அந்தப் பக்கம். 0.4 மி.மீ. தகட்டில் 10 × 12 மி.மீ., முன்விளிம்பு கூராக, ஸ்பான்சனின் உட்சுவரில், படகின் நடுக்கோட்டுக்கு இணையாக. அரைப் பாகை கோணினாலும் நேர் ஓட்டத்தில் இழுக்கும். அதோடு சுக்கானின் ஆட்டத்தை இருபுறமும் 20 பாகைக்குள் அடக்கி, டிரான்ஸ்மிட்டரில் எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 35 சதவீதம் வையுங்கள்.

மரத்தூள்

பேட்டரி 10 மி.மீ. முன்னே, 3 மி.மீ. வலப்பக்கம் போனதும் குதிப்பும் இழுப்பும் நின்றன. இடப்பக்கத் துடுப்பு போட்டதும் அந்தத் திருப்பம் பிடிக்கிறது. தாங்கியை 1 மி.மீ. உயர்த்தியதில் வேகம் கூடியது, 1.5-இல் கிளம்பும்போது நுரைக்கிறது, திரும்ப 1-க்கே வந்துவிட்டேன். எதிர்காற்றில் மட்டும் மூக்கு மிதந்து எழும்புகிறது. அதற்கு எடை ஏற்றலாமா?

குளக்கரை

எடை ஏற்றாதீர்கள், காற்றுக்கு ஒதுங்குங்கள். டெக் ஒரு இறக்கை. உங்கள் படகின் 200 சதுர செ.மீ. பரப்பில், சற்றே மூக்கு தூக்கிய நிலையில், வினாடிக்கு 3 மீட்டர் ஓட்டத்தில் காற்றின் தூக்கு 5 கிராம் அளவு. எதிரே அதே 3 மீட்டர் வேகத்தில் காற்று வந்தால் நான்கு மடங்கு, 20 கிராமைத் தொடும். 53 கிராம் படகுக்கு அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வேகச் சாதனையாளர் டொனால்ட் கேம்ப்பெல்லின் புளூபேர்ட் படகு 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கனிஸ்டன் ஏரியில் மூக்கு தூக்கிப் புரண்டதும் இந்த வகை விபத்துதான், வேகம் மட்டும் ஏறக்குறைய ஐம்பது மடங்கு.

எதிர்காற்றுத் திசையில் ஓடும்போது த்ராட்டிலை முக்கால் வரை இறக்குங்கள், பின்காற்றில் முழுதாகத் திறவுங்கள். நீரில் 1 செ.மீ. உயர அலை தெரிந்தாலே இந்த அளவுப் படகைப் பெட்டியில் வைத்துவிடலாம்.

ஈயக்கம்பி

பெட்டியில் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றி 3.8 வோல்ட்டில் நிறுத்துங்கள். புரொப்பெல்லருக்கும் வாஷருக்கும் நடுவே முடியோ பாசியோ சுற்றியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஓட்டத்தின் நடுவே மோட்டார் சத்தம் திடீரென்று கனத்தால் அதுதான். உடனே த்ராட்டிலை மூடுங்கள், காற்று படகைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும்வரை காத்திருங்கள். பாசியோடு மல்லுக்கட்டி ஓட்டினால் ஸ்பீடு கண்ட்ரோலர்தான் முதலில் போகும், அது ரிசீவர் பலகையிலேயே இருப்பதால் இரண்டும் சேர்ந்தே போகும்.

மரத்தூள்

டெக் மூடியைத் தினமும் திறந்து மூட எதை வைத்து அடைப்பது? செல்லோ டேப் இரண்டாம் தடவை ஒட்டவில்லை.

மூன்றுபுள்ளி

மூடி உட்காரும் ஓரத்தில் பால்சா வெறுமனே இருந்தால் எந்த டேப்பும் தூளோடு உரிந்து வரும். ஓரத்தில் 8 மி.மீ. பட்டைக்குச் சூப்பர் க்ளூ ஊறவைத்து, 600-ஆல் தேய்த்துக் கண்ணாடிபோல ஆக்குங்கள். பிறகு பெட்டி ஒட்டும் அகல டேப்பை 10 மி.மீ. பட்டையாக வெட்டி நான்கு பக்கமும் ஒட்டுங்கள், மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது டேப். எடை அரை கிராம்கூட வராது.